செட்டிநாட்டுப் பள்ளிகளில் பட்டியல் சாதி ஆசிரியர்களைச் சேர்ப்பதும் நிலைக்கச் செய்வதும்: பள்ளி நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

நான் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்தவன். அவற்றுள் கடைசி 14 ஆண்டுகள் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்தேன். “எங்களுக்கென்ன மறுப்பு, பட்டியல் சாதியில் தகுதியான ஆசிரியர் கிடைத்தால் போட மாட்டோமா” என்று தாளாளர்களும் சக தலைமையாசிரியர்களும் சொல்லக் கேட்காத ஆண்டே இல்லை. ஆனால், கிடைக்கவில்லை என்பது உண்மையன்று. நாங்கள் தேடிய இடம் குறுகலாக இருந்தது என்பதும், வந்தவர்களில் பலர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்பதும், ஏன் போனீர்கள் என்று ஒருவரையும் உட்காரவைத்துக் கேட்கவில்லை என்பதுமே உண்மை. தாளாளர், தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் நியமனம் தலைமையாசிரியர் கையில் இல்லை. ஆனால் வந்தவர் நிலைப்பதும் நிலைக்காததும் பெரும்பாலும் தலைமையாசிரியர் நடந்துகொள்ளும் முறையைப் பொறுத்தே இருக்கிறது.

இந்தச் சீமைக்கு இந்த வேலையில் ஒரு பழைய கணக்கு உண்டு. செட்டிநாட்டின் பெரும்பகுதி அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 ஜூனில் அவை பதினொன்றாயின. அவ்வாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். என்ன உடுத்தலாம், என்ன நகை பூணலாம் என்பதோடு நில்லாமல், அவர்களின் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்றும், மிராசுதாரர்களின் மாடு மேய்க்கவே அனுப்பப்பட வேண்டும் என்றும் அவற்றில் தனித்தனியே விதிகள் இருந்தன. அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1947இல், கோட்டையூர் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். அவர் வைத்த நிறுவனங்களுள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் ஒன்று. படிக்கவே கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இதே ஊர்களில் பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களை வகுப்பறையில் நிறுத்துவது நாம் செய்யும் தயவு அன்று. நெடுநாள் நிலுவையில் கிடக்கும் கடன்.

கடல் தாண்டிய ஓர் அனுபவமும் நமக்குப் பாடமாக இருக்கிறது. அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் தனித்தனிப் பள்ளிகளில் வைத்திருந்த முறையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954இல் செல்லாது என்றது. பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது, கறுப்பினப் பள்ளிகள் மூடப்பட்டன. அவற்றில் இருந்த ஆசிரியர்களைப் புதிய பள்ளிகள் ஏற்கவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் தென்பகுதியையும் அதன் எல்லையையும் சேர்ந்த 17 மாநிலங்களில் ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள். இன்றும் அங்குப் பொதுப்பள்ளி மாணவர்களில் சுமார் 15 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். ஆசிரியர்களில் அவர்கள் 6, 7 விழுக்காடுதான். டென்னசி மாநிலத்தில் 1980களில் தொடக்கப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வில், மூன்றாம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினப் பிள்ளைகள் கல்லூரியில் சேரும் வாய்ப்பு 13 விழுக்காடு கூடுதலாக இருந்ததாகக் கண்டார்கள். இனமும் சாதியும் ஒன்றல்ல. அங்குள்ள எண்களை இங்கே அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும் அந்த முடிவைப் படித்தபோது எனக்கு என் பள்ளியின் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் நினைவுக்கு வந்தான். வீட்டுப்பாட நோட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கேட்டால் மறந்துவிட்டேன் என்பான். புதிதாக வந்த ஆசிரியர் ஒருநாள் பேச்சுவாக்கில் தம் ஊரையும் தெருவையும் சொன்னார். பையன் தலையை நிமிர்த்தி, “சாரும் எங்க தெரு மாதிரிதானா?” என்று கேட்டான். மறுநாள் நோட்டு மேசைக்கு வந்தது. அதுவரை அவன் ஒழுங்காகவே எழுதிவந்திருக்கிறான், காட்டத்தான் கூசியிருக்கிறான்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

உங்கள் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் பட்டியல் சாதியினர், எத்தனை ஆசிரியர்கள் பட்டியல் சாதியினர் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். பிள்ளைகளின் விவரம் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸில் இருக்கிறது. கடந்த பத்தாண்டுகளில் வந்து போன ஆசிரியர்களின் கணக்கையும் பணிப்பதிவேடுகளிலிருந்து எடுத்து அதே தாளில் சேர்க்க வேண்டும். சேர்ந்தவர் எத்தனை பேர் என்பதைவிட, எத்தனை ஆண்டு இருந்தார்கள் என்ற எண்தான் உங்கள் பள்ளியைப் பற்றி அதிகம் சொல்லும்.

அரசு நியமனங்களில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அதில் 3 விழுக்காடு அருந்ததியர்க்கான உள்ஒதுக்கீடு. எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசைப்படுத்தும், இருநூறு புள்ளிகள் கொண்ட இனச்சுழற்சிப் பட்டியலில் அந்த 18 விழுக்காடு 36 இடங்கள். பொதுப்பிரிவில் தம் மதிப்பெண்ணாலேயே இடம்பெறும் பட்டியல் சாதி விண்ணப்பதாரரை அந்த 36இல் கழிக்கக் கூடாது என்பதைத் தேர்வுக் குழுவில் இருப்போர் மறந்துவிடக் கூடாது. சுயநிதிப் பள்ளிகளை இந்த இனச்சுழற்சி கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே அங்கே எல்லாம் நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்தது. அந்த மனத்தை ஒரு தீர்மானமாக எழுதி நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நிறைவேற்றிக்கொள்வது நல்லது. வாய்ச்சொல்லாக இருப்பது தாளாளர் மாறினால் மறைந்துவிடும்.

ஆளைத் தேடும் இடம்

நம் ஊர்த் தனியார் பள்ளிகளில் காலியிடச் செய்தி பரவும் வழி நமக்குத் தெரிந்ததுதான். தாளாளர் கோயில் விசேஷத்தில் யாரிடமாவது சொல்வார். அவர் தம் உறவுக்காரப் பெண்ணை அனுப்புவார். இந்த வழியில் செய்தி ஊருணிக்கு அந்தப் பக்கம் போவதே இல்லை. காலியிடத்தை நாளிதழில் விளம்பரப்படுத்துவதோடு, சிவகங்கை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும், காளையார்கோவில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கும், அழகப்பா பல்கலைக்கழகக் கல்வியியல் கல்லூரிக்கும் எழுத்தாக அனுப்புங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளின் காப்பாளர்களிடம் கேளுங்கள். தம் விடுதியில் தங்கிப் படித்தவர்களில் யார் பி.எட். முடித்தார்கள், யார் தகுதித் தேர்வில் தேறினார்கள் என்பதை அவர்கள் விரல் நுனியில் வைத்திருப்பார்கள். கிளை நூலகத்தின் அறிவிப்புப் பலகையையும் விட்டுவிடாதீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலை முதல் மாலை வரை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆள் கிடைப்பதற்கு முன்பே ஆளை உருவாக்கும் வேலையும் இருக்கிறது. 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலை வகுப்பு எடுக்கப் பட்டதாரிப் பெண்கள் பலர் முன்வந்தார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் குடியிருப்புகளிலிருந்து வந்த சிலரின் வகுப்பை நான் பார்த்திருக்கிறேன். சாணி மெழுகிய திண்ணையில் புளியங்கொட்டையைப் பரப்பிப் பத்துப் பத்தாகக் கூட்டிவைத்து இடமதிப்பு சொல்லிக்கொடுத்த ஒரு பெண், எங்கள் பள்ளியில் பலர் கரும்பலகையில் செய்வதைவிடத் தெளிவாகச் செய்தார். அப்படிப்பட்டவரைக் கண்டால் பாராட்டிவிட்டு வந்துவிடாமல், மேற்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம். பட்டயப் படிப்புக்கோ பி.எட். படிப்புக்கோ பணமில்லை என்றால், ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு மேற்படிப்பு உதவித்தொகை உண்டு. தகுதித் தேர்வுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி கேட்டுப் பெறலாம். பேருந்துச் செலவையும் தேர்வுக் கட்டணத்தையும் முன்னாள் மாணவர் சங்கம் ஏற்றுக்கொள்ளலாம். இந்த ஊர்ச் சங்கங்களுக்கு அது பெரிய தொகையே அன்று.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் போடும் வாய்ப்பும் இருக்கிறது. 2022இல் அவ்வாறு போட்டபோது இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று தொகுப்பூதியம் வைத்திருந்தார்கள். குறைந்த ஊதியம்தான், ஆனால் வகுப்பெடுத்த அனுபவம் இல்லாதவருக்கு அது முதல் வாசல். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கும் உரிய பங்கு இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பெற்றோரைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடாமல், விண்ணப்பங்களைப் பார்க்கும் நாளில் உடன் உட்காரவைத்தால் தேர்வு தானாகவே நேராகும்.

நேர்காணல்

“அப்பாவுக்கு என்ன தொழில்?”, “உங்கள் ஊரில் எந்தத் தெரு?”, “குலதெய்வம் எது?” ஆகிய மூன்று கேள்விகளும் நம் பக்கத்தில் சாதி கேட்பதன் மறுபெயர்கள். இவற்றைத் தேர்வுக் குழுவுக்கு முன்கூட்டியே தடை செய்துவிடுங்கள். எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே கேள்விகளை எழுதிவைத்துக் கேளுங்கள். 20 நிமிட மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள். குழுவினர் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு முன் தனித்தனியே மதிப்பெண் இட்டுத் தாளை மூடிவிட வேண்டும். “தோரணை இல்லை”, “நம் பள்ளிக்குப் பொருந்துவாரா” என்ற சொற்கள் வந்தால், அதற்கு மாதிரி வகுப்பில் என்ன சான்று என்று கேட்பது குழுத் தலைவரின் பொறுப்பு. அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைக்கும் வழக்கம் எந்தப் பள்ளியில் இருந்தாலும் அதை உடனே விட்டுவிட வேண்டும். சம்பளம் வங்கிக் கணக்கில், குறித்த தேதியில், ஆணையில் எழுதிய தொகையில் போய்ச் சேர வேண்டும்.

வீடு

பணிநியமன ஆணை கொடுத்ததும் நம் வேலை முடிந்தது என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். வெளியூரிலிருந்து வரும் பட்டியல் சாதி ஆசிரியருக்கு உண்மையான தேர்வு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பதை எனக்குக் கற்பித்தவர் ஒரு கணித ஆசிரியர். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் ஊரில், மாதம் ஒரு முறை காவலாள் வந்து திறந்து கூட்டிவிட்டுப் போகும் முகப்புகளைப் பார்த்துக்கொண்டே, அவர் ஏழு வாரம் வீடு தேடினார். ஓரிடத்தில் முன்பணம் வரை பேசி முடித்தார்கள். சாவி வாங்கப் போன அன்று வீட்டுக்காரர் சொந்த ஊரைக் கேட்டார். பிறகு தெருவைக் கேட்டார். பிறகு, “மருமகன் மலேசியாவிலிருந்து வர்றதாச் சொல்லிட்டாரு தம்பி” என்றார். அந்த மருமகன் வரவே இல்லை. வீடும் அந்த ஆண்டு முழுதும் பூட்டியே கிடந்தது. ஆசிரியர் திருப்பத்தூரிலிருந்து தினமும் பேருந்தில் வந்து போனார். ஐந்தாம் வகுப்புக்கு அவர் எடுத்துவந்த மாலை நேரக் கணக்கு வகுப்பு நின்றுபோனது, கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்ததால். ஒன்றரை ஆண்டில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் வீடு தேடிய ஏழு வாரத்திலும் நான் அவருடன் ஒரு வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

அடுத்து வந்த ஆசிரியைக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். பணியில் சேர்வதற்கு முன்பே, பள்ளியின் பெயரில் வாடகை ஒப்பந்தம் போடத் தாளாளரைச் சம்மதிக்கவைத்தேன். பிறகு நானே ஓர் ஆச்சியிடம் போய், யார் வரப்போகிறார் என்பதை மறைக்காமல் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “டீச்சரு சமைக்குற அடுப்படிக்குத் தனியாத் தண்ணிக் குழா வேணும்ல, நாளைக்கே ஆளை வரச் சொல்லுங்க” என்றார். எல்லா வாசலிலும் அப்படி நடக்காது. ஆனால் மறைத்து வாங்கும் வீடு என்றைக்காவது தெரிந்து காலி செய்யச் சொல்லும் வீடு, அது ஆசிரியரைத் தினமும் பயத்தில் வைத்திருக்கும். நிர்வாகத்துக்குச் சொந்தமாகவோ அறக்கட்டளைக்குச் சொந்தமாகவோ கட்டடம் இருந்தால் அதில் இரண்டு அறையை ஆசிரியர் குடியிருப்பாக ஒதுக்கிவிடுவதே எல்லாவற்றையும்விட எளிய வழி.

ஆசிரியர் அறையும் வேலைப் பங்கீடும்

ஆசிரியர் அறையில் பானைக்குப் பக்கத்தில் இருக்கும் டம்ளர்களைக் கவனியுங்கள். ஒருவர் மட்டும் ஓராண்டாக வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து குடித்தால், அது அவருடைய வழக்கம் என்று விட்டுவிடக் கூடாது. எந்த டம்ளரைத் தொட்டபோது யார் அதை எடுத்துப் போய்த் தனியே கழுவினார்கள் என்பது அவருக்குத் தெரியும். இதற்குச் சுற்றறிக்கை பயன்படாது. தலைமையாசிரியர் தினமும் அந்த அறையில் உட்கார்ந்து, அதே பானையில், அதே டம்ளரில் குடித்து, மதியம் அவர்களோடு சாப்பிட வேண்டும். நான் அதைத் தொடங்கியபோது இருவர் முதல் வாரம் வேறு இடத்தில் சாப்பிட்டார்கள். மூன்றாம் வாரம் திரும்பி வந்தார்கள்.

வேலைப் பங்கீட்டில் நடக்கும் தவறு இதைவிட நுட்பமானது. நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதால் கண்ணுக்குப் படாமல் போகிறது. உதவித்தொகை விண்ணப்பம், சாதிச் சான்றிதழுக்கு அலைவது, பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் குடியிருப்புக்குப் போய் அழைத்துவருவது, கழிப்பறைத் தூய்மையை மேற்பார்ப்பது, அடங்காத பிள்ளைகளை அடக்குவது ஆகிய எல்லாவற்றையும் “உங்களுக்குத்தான் அவர்களைத் தெரியும்” என்று பட்டியல் சாதி ஆசிரியர் தலையிலேயே கட்டிவிடுகிறோம். அமெரிக்காவின் கல்விச் செயலராக இருந்த ஜான் கிங் 2016இல் இத்தகைய சுமையைக் கண்ணுக்குத் தெரியாத வரி என்று குறிப்பிட்டார். அங்கே கறுப்பின ஆசிரியர்கள் சுமப்பதும் ஏறத்தாழ இதே பாரம்தான். ஆண்டுத் தொடக்கத்தில் பாடம் சாராத வேலைகளையெல்லாம் ஒரே தாளில் எழுதி, எல்லாருக்கும் சுழற்சியில் பங்கிடுங்கள். பத்தாம் வகுப்புக் கணக்கும் அறிவியலும், இலக்கிய மன்றமும், ஆண்டுவிழா மேடையும் அவர்களுக்கும் முறைப்படி வர வேண்டும். உதவித்தொகை வேலையை ஒருவர் தாமே விரும்பி ஏற்றால், அதற்கு ஈடாக வாரத்தில் இரண்டு பாடவேளைகளையாவது குறைத்துக் கொடுங்கள்.

புதியவருக்கு முதல் ஆண்டு முழுதும் துணையாக ஒரு மூத்த ஆசிரியரை நியமிக்க வேண்டும். அவர் புதியவரைப் பற்றி மதிப்பீட்டு அறிக்கை எழுதுபவராக இருக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒருவர் வகுப்பை மற்றவர் பார்த்து, பாடத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டால் போதும். பணியில் உள்ளவர்களும், ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தீர்ப்பளித்த பின், தேர்வுக்குப் படிக்க நேரம் ஒதுக்கித் தருவதும் இந்தத் துணையில் அடங்கும்.

புகார் வரும்போது

“எங்க பிள்ளையை வேற செக்ஷனுக்கு மாத்திருங்க” என்று காரணம் சொல்லாமல் கேட்டு வரும் பெற்றோர் இருப்பார்கள். காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். அனேகமாக யாரும் எழுதித் தர மாட்டார்கள். எழுதித் தந்தால், பாடம் பற்றிய குறையாக இருந்தால் வகுப்பைப் போய்ப் பாருங்கள். வேறு எதுவாக இருந்தாலும் மாற்ற முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஒரு பிள்ளையை மாற்றினால் அந்த வாரமே ஐந்து பேர் வருவார்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

பிறர் காணும் இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் அதைப் புலனாய்வு செய்ய வேண்டும். ஆசிரியர் புகார் கொடுக்க விரும்பினால், “பள்ளிக்குக் கெட்ட பெயர் வேண்டாமே” என்று சமாதானம் பேசித் தடுக்காதீர்கள். நடந்ததை அன்றே தேதியோடு எழுதி, பார்த்தவர் பெயரோடு ஒரு படியை அவரிடம் கொடுத்துவிடுங்கள். 2023இல் நாங்குநேரியில் மாணவர்கள் வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு இருக்கக் கூடாது, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கையில் கட்டி வரக் கூடாது, ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராகப் போடக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. கயிறும் பதிவேடும் அரசாணைக்குக் காத்திராமல் நாளைக்கே நீங்கள் செய்யக்கூடியவை. கண்டதேவித் தேர் வடத்தில் பட்டியல் சாதியினரும் கை வைப்பதற்காக நீதிமன்றம் வரை போய், தேரே ஓடாமல் ஆண்டுக்கணக்கில் நின்ற வட்டாரம் இது. 2024 ஜூனில் அந்தத் தேர் ஓடிய வாரத்தில் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த படி

ஒருவரை மட்டும் சேர்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தனியாக இருப்பவர் தம் வகுப்பை மட்டும் நடத்துவதில்லை. தம் சாதிக்கே சான்றாகத் தினமும் நிற்க வேண்டியிருக்கிறது. இருவராகும்போது அந்தப் பாரம் பாதியாவதை என் கண்ணால் பார்த்தேன். எட்டு ஆண்டு, பத்து ஆண்டு நிலைத்தவருக்கு உதவித் தலைமையாசிரியர் பொறுப்பு, தேர்வுப் பணி, பயிற்சிக்குப் போகும் வாய்ப்பு ஆகியவை உரிய முறையில் வந்தனவா என்று முன்பு எழுதிய அதே தாளை எடுத்து ஆண்டுதோறும் சரிபாருங்கள். போகிறேன் என்பவரிடம், விடுவிப்பு ஆணையில் கையெழுத்திடுவதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காரணத்தைக் கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும்.

அடுத்த நியமனத்துக்கான தேர்வுக் குழுவில் அவர்களில் ஒருவரை உறுப்பினராக வையுங்கள். ஆச்சி வீட்டில் குடியிருந்த அந்த ஆசிரியை, என் பணிக்காலத்தின் கடைசி நேர்காணலில் குழு உறுப்பினராக இருந்தார். வந்த பெண்ணிடம் எல்லாரும் பாடத்தைப் பற்றிக் கேட்டு முடித்த பின், “இங்கே தங்க இடம் பார்த்தாச்சாம்மா? இல்லைன்னா சொல்லுங்க, சேர்ந்து பார்க்கலாம்” என்று அவர் கேட்டார்.